வளைந்த பந்து, வளையாத மனம்

உங்கள் வீட்டிலும் ஒரு கால்பந்துப் பைத்தியம் இருக்கக் கூடும். அது உங்கள் கணவராக இருக்கலாம். காலேஜில் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம். ஏன், பெண்ணாகவே கூட இருக்கலாம். நடுநிசியில் டெலிவிஷன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஐயையோ, போச்சே!" என்று ஒரு கூப்பாடு போட்டு, அரைத் தூக்கத்தில் இருக்கும் உங்களைத் தூக்கிவாரிப் போடச் செய்திருக்கும். "இருபத்திரண்டு தடியர்கள் ஒரு பந்தைத் துரத்துவதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நான் வரவில்லை. ஹாலந்து தேசத்து ஆட்டக்காரர் ஒருவருடைய கதையை மட்டும் சொல்கிறேன். அதில் பந்து கொஞ்சந்தான் வரும். ஒரு யுத்தமும், ஒரு தாயும், ஆறாத ஒரு கோபமும், போதாக்குறைக்கு ஒரு நாயும் வரும். கேளுங்கள்.

அவர் பெயர் வில்லெம் வான் ஹானெகம். 1944-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி பிறந்தவர். ஊர் ப்ரெஸ்கென்ஸ். ஹாலந்தின் தென்மேற்கு மூலையில், ஷெல்ட் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிற சின்னஞ்சிறு துறைமுகம் அது. எதிர்க்கரையில் ஃப்ளிஸ்ஸிங்கன் பட்டணம். இரண்டுக்கும் நடுவே படகுகள் போவதும் வருவதுமாக இருக்கும். மீனும் உப்புக் காற்றும் தவிர உலகத்துக்குச் சொல்லும்படியான விசேஷம் அந்த ஊரில் எதுவும் கிடையாது. ஆனால் யுத்தம் என்று வந்துவிட்டால், விசேஷம் இல்லாத ஊர்களைத்தானே அது முதலில் தேடிப் பிடிக்கிறது!

ஹிட்லரின் சேனை 1940-ஆம் வருஷம் மே மாதம் ஹாலந்துக்குள் புகுந்தது. யாருடைய வம்புக்கும் போகாமல் ஒதுங்கியிருந்த தேசம் அது. ராட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதியை ஒரே நாளில் விமானங்கள் தரைமட்டமாக்கின. மறுநாள் ஹாலந்து பணிந்தது. பிறகு ஐந்து வருஷம் ஜெர்மானியர்களின் ஆட்சி. வில்லெம் பிறந்தது அந்த ஆட்சியின் நான்காவது வருஷத்தில்.

அதே 1944-ல், செப்டம்பர் மாதம், காற்று திசை மாறியது. பிரிட்டிஷ் சேனை பக்கத்துப் பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்தைப் பிடித்துவிட்டது. பின்வாங்கிய ஜெர்மன் படைகள் ஆயிரக்கணக்கில் ப்ரெஸ்கென்ஸ் படகுத்துறைக்கு வந்து, நதியைக் கடந்து அக்கரைக்குத் தப்பிக்கொண்டிருந்தன. அந்த வழியை அடைக்க வேண்டும் என்று நேச தேசங்களின் விமானங்கள் செப்டம்பர் 11-ஆம் தேதி வந்தன. படகுத்துறைக்கென்று போட்ட குண்டுகள் ஊரின் மீதும் விழுந்தன. ஊர்ஜனங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வான் ஹானெகம் குடும்பத்தில் தகப்பனார் போனார். கூடப் பிறந்தவர்களும் போனார்கள். வில்லெமுக்கு அப்போது வயது ஏழு மாதம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? குண்டு போட்டவர்கள் எதிரிகள் அல்ல. ஹாலந்தை மீட்க வந்த நண்பர்கள். ஆனால் வில்லெம் பெரியவரானதும் தம் கோபத்தை வைத்தது ஜெர்மானியர் மீதுதான். "அவர்கள் வந்திராவிட்டால் அந்த விமானங்கள் எதற்காக வந்திருக்கப் போகின்றன?" என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தால் அதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? சரித்திரப் புத்தகம் எழுதுகிறவர்களுக்குக் கணக்குத் தீர்ப்பது சுலபம். அப்பாவின் முகமே தெரியாமல் வளர்கிற பிள்ளைக்கு அது அவ்வளவு சுலபமல்ல.

மீதமிருந்த குழந்தைகளோடு தாயார் பிற்பாடு தேசத்தின் நடுவிலுள்ள யுட்ரெக்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். கணவனையும் பெற்ற பிள்ளைகளையும் யுத்தத்துக்கு வாரிக் கொடுத்துவிட்டு, எஞ்சியவர்களை ஆளாக்கிய அந்த அம்மாளைப் பற்றிக் கால்பந்துப் பத்திரிகைகள் அதிகமாக எழுதவில்லை. கோல் போட்டவர்களைப் பற்றி எழுதவே அவர்களுக்கு இடம் போதவில்லை போலும்!

வில்லெம் 1962-ல், பதினெட்டாவது வயதில், யுட்ரெக்டில் வெலாக்ஸ் என்ற சிறிய கோஷ்டியில் ஆடத் தொடங்கினார். 1966-ல் ராட்டர்டாமில் இருந்த ஸெர்க்ஸஸ் கோஷ்டிக்குப் போனார். 1968-ல் அதே நகரத்தின் பெரிய கோஷ்டியான ஃபெயநூர்ட் அவரை எடுத்துக்கொண்டது.

அவர் ஆடியது நடுக்களத்தில். அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் கோல் போடுகிறவர்கள். சாப்பிட்டு ஏப்பம் விடுவது அவர்கள் வேலை. பின்னால் கோட்டை அடுப்பைக் காவல் காக்கிறவர்கள் தடுப்பாட்டக்காரர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், கையில் வாளியோடு ஒருவர் நடமாடுகிறார் பாருங்கள், எந்த இலையில் சாம்பார் தீர்ந்தது, எந்த இலைக்கு இன்னும் அப்பளம் வரவில்லை என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவர், அவர்தான் நடுக்களத்துக்காரர். அவர் சரியில்லை என்றால் சமையல் எவ்வளவு நன்றாயிருந்தாலும் பந்தி அலங்கோலந்தான்.

இந்தப் பரிமாறும் வேலையில் வான் ஹானெகம் மகா நிபுணர். பார்த்தால் அப்படித் தோன்றாது. ஓட்டத்தில் வேகம் போதாது. உடம்பு சற்று வளைந்த மாதிரி நடப்பார். வலது கால் இருப்பதே, இடது காலுக்குத் துணையாக நிற்பதற்குத்தான்! ஆனால் அந்த இடது கால் இருக்கிறதே! எல்லோரும் பாதத்தின் உட்புறத்தால் பந்தைத் தட்டுவார்கள். இவர் வெளிப்புறத்தால் தட்டுவார். பந்து எங்கேயோ போகிறதே என்று எதிராளி அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது வாழை மட்டை போல் வளைந்து, நாற்பது கஜத்துக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் தம் ஆளின் காலடியில் போய் விழும். டச்சுக்காரர்கள் அவருக்கு 'வளைந்தவர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நடையைப் பார்த்து வைத்தார்களா, பந்தைப் பார்த்து வைத்தார்களா என்று கேட்டால், இரண்டும் பொருந்துகிறது!

ஃபெயநூர்ட் கோஷ்டி ஆடும் மைதானத்துக்கு ஊர்ஜனங்கள் செல்லமாக வைத்திருக்கும் பெயர் 'தொட்டி.' துறைமுகத் தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் அந்தத் தொட்டி நிரம்பி வழியும்படி வந்து உட்கார்ந்து கத்துவார்கள். வான் ஹானெகம் வந்த முதல் வருஷத்திலேயே, 1969-ல், தேசத்து லீக் பட்டத்தையும் கோப்பையையும் ஃபெயநூர்ட் சேர்த்து ஜயித்தது. அடுத்து வந்த பயிற்சியாளர் யார் தெரியுமா? எர்ன்ஸ்ட் ஹாப்பெல் என்ற வியன்னாக்காரர். ஆஸ்திரியர், பேசுவது ஜெர்மன் பாஷை. நடுக்களத்தில் கூட ஆடிய ஃப்ரான்ஸ் ஹாஸிலும் ஆஸ்திரியர்தான். ஜெர்மன் பாஷை காதில் விழுந்தாலே முகம் சுளிக்கும் ஆசாமி என்று நீங்கள் எதிர்பார்த்தால், ஏமாந்துபோவீர்கள். ஹாப்பெலைப் பற்றி வான் ஹானெகம் வாழ்நாள் முழுவதும் புகழ்ந்துதான் பேசியிருக்கிறார். மனித மனம் தேசப்படம் போல் கோடு கிழித்து வைத்ததில்லை.

1970-ஆம் வருஷம் ஐரோப்பியக் கோப்பைக்கு நடந்த பந்தயங்களில் இந்த மூவரும் பிரமாதமாக ஆடினார்கள். மூன்றாமவர் விம் யான்ஸன் என்ற ராட்டர்டாம்காரர். முந்தின வருஷம் கோப்பை ஜயித்த மிலான் கோஷ்டியிடம் முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்று வந்தார்கள். சொந்தத் தொட்டியில் யான்ஸன் ஒன்றும் வான் ஹானெகம் ஒன்றுமாக இரண்டு கோல் போட்டுக் கணக்கைத் தீர்த்தார்கள். அரையிறுதியில் வார்ஸாவின் லெகியா கோஷ்டிக்கு எதிராகவும் அவர் ஒரு கோல் போட்டார்.

இறுதி ஆட்டம் மே 6-ஆம் தேதி, இத்தாலியில் மிலான் நகரத்தில் நடந்தது. எதிரே ஸ்காட்லாந்தின் ஸெல்டிக். மூன்று வருஷங்களுக்கு முன் கோப்பை வென்றவர்கள். ஹாலந்திலிருந்து வந்தவர்களை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. முதலில் கோல் போட்டதும் அவர்களே. ஆனால் இரண்டே நிமிஷத்தில் ஃபெயநூர்ட் தலைவர் இஸ்ரயேல் தலையால் முட்டிச் சமன் செய்துவிட்டார். அப்புறம் பந்து பெரும்பாலும் டச்சுக்காரர்கள் வசமே இருந்தது. வேகமில்லாத வான் ஹானெகம் நடந்தபடியே ஆட்டத்தை நடத்தினார். அதிகப்படி நேரமும் முடியப் போகிற சமயத்தில், 117-ஆவது நிமிஷம், ஸ்வீடன்காரரான கின்ட்வால் கோலியின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். ஐரோப்பியக் கோப்பையை ஒரு டச்சுக் கோஷ்டி ஜயித்தது அதுவே முதல் தடவை. அதன் பிறகு மூன்று வருஷம் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கோஷ்டி தொடர்ந்து ஜயித்ததால், உலகம் அயாக்ஸின் பெயரையே அதிகமாகச் சொல்கிறது. ராட்டர்டாம்காரர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். உடனே சண்டைக்கு வருவார்கள்!

நாயைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தேன் அல்லவா? பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் கோஷ்டி ஒரு சமயம் அவரைக் கூப்பிட்டது. நல்ல பணம். போகலாமா, இருக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. முடிவு ஏற்படவில்லை. கடைசியில் அந்தப் பொறுப்பை வீட்டு நாயிடம் ஒப்படைத்தாராம். நாயின் தீர்ப்பு ராட்டர்டாமுக்குச் சாதகமாக அமைந்தது. குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. இது அவரே சொல்லி வந்த கதை. பல வீடுகளில் இதைவிட மோசமான முறையில் முக்கியமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி, 1974-ஆம் வருஷத்துக்கு வருவோம்.

அந்த வருஷம் உலகக் கோப்பைப் பந்தயம் மேற்கு ஜெர்மனியில் நடந்தது. ஹாலந்து கோஷ்டிக்கு யோஹான் க்ரைஃப் தலைவர். ரீனஸ் மிக்கெல்ஸ் பயிற்சியாளர். அவர்கள் ஆடிய விதத்தை உலகம் அதற்கு முன் அவ்வளவாகப் பார்த்ததில்லை. தடுப்பாட்டக்காரர் முன்னே ஓடுவார். முன்னாட்டக்காரர் பின்னே வந்து அவர் இடத்தை அடைப்பார். யார் எங்கே என்று எதிராளிக்குத் தலை சுற்றிவிடும். எல்லோரும் சுழலும்போது அவசரப்படாமல் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டுமே! அந்த நிதானந்தான் வான் ஹானெகம். அர்ஜென்டினாவை நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். பிரேஸிலை இரண்டு கோலில் வீழ்த்தினார்கள். இறுதி ஆட்டம் வரையில் 14 கோல் போட்டு, ஒன்றே ஒன்று வாங்கியிருந்தார்கள். அந்த ஒன்றும் தங்கள் ஆளே தவறித் தங்கள் வலைக்குள் தட்டியது!

இறுதி ஆட்டம் ஜூலை 7-ஆம் தேதி, ம்யூனிக் நகரத்தில். எதிரே மேற்கு ஜெர்மனி.

யுத்தம் முடிந்து 29 வருஷம் ஆகியிருந்தது. மைதானத்தில் நின்றவர்களில் பலர் யுத்தம் முடிந்த பிறகோ, முடியும் தறுவாயிலோ பிறந்தவர்கள். அவர்களுக்கு அது ஒரு பந்தயம். வான் ஹானெகத்துக்கு மட்டும் அது வேறு. ஜெர்மானியர்களுக்கு எதிராக ஆடும்போதெல்லாம் தமக்கு இறந்துபோன தகப்பனாரும் உடன்பிறந்தவர்களும் நினைவுக்கு வந்ததை அவர் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

நடுவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாக் டெய்லர். தொழிலில் கசாப்புக் கடைக்காரர். அதனால்தானோ என்னவோ, எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் செய்கிற மனிதர். ஆட்டம் தொடங்கியதும் டச்சுக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு போனார்கள். ஒரு ஜெர்மானியர் காலிலும் அது படவில்லை. திடீரென்று க்ரைஃப் புயல் மாதிரி உள்ளே பாய்ந்தார். காலைத் தட்டி விழச் செய்தார்கள். பெனால்டி! நேஸ்கென்ஸ் உதைத்தார், கோல்! ஜெர்மானியர்களில் முதல் முதலாகப் பந்தைத் தொட்டவர், வலைக்குள்ளிருந்து அதை எடுத்த கோலி ஸெப் மையர்தான்.

இரண்டாவது நிமிஷத்திலேயே ஒரு கோல். இனி என்ன செய்ய வேண்டும்? இன்னொரு கோல் போட வேண்டும். பந்தியில் அடுத்த பதார்த்தம் வர வேண்டாமா? ஆனால் அது வரவில்லை. டச்சுக்காரர்கள் பந்தை இங்கே தட்டினார்கள், அங்கே தட்டினார்கள், எதிராளிகளை ஓட ஓட விரட்டி வேடிக்கை காட்டினார்கள். எத்தனை கோல் என்பதைப் பற்றித் தமக்கு அக்கறையே இருக்கவில்லை, அவர்களை அவமானப்படுத்த வேண்டும் என்பதே எண்ணமாயிருந்தது என்று வான் ஹானெகம் பிற்பாடு ஒப்புக்கொண்டார். எவ்வளவு பெரிய வாக்குமூலம் இது! பசித்தவனுக்கு இலை போட்டுவிட்டு, அன்னம் படைக்காமல் எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கதைதான்.

சும்மா இருப்பார்களா ஜெர்மானியர்கள்? 22-ஆவது நிமிஷத்தில் வான் ஹானெகம் முரட்டு ஆட்டத்துக்காக நடுவரின் மஞ்சள் சீட்டு வாங்கினார். 25-ஆவது நிமிஷத்தில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ப்ரைட்னர் கோல் போட்டார். 43-ஆவது நிமிஷத்தில் கெர்ட் முல்லர், பந்தை நோக்கிப் பின்னுக்கு நகர்ந்து திரும்பி, மெதுவாக ஓர் உதை. அது உருண்டு வலைக்குள் போயிற்று. இரண்டாம் பாதி முழுவதும் ஹாலந்து முட்டி மோதியது. மையர் சுவர் மாதிரி நின்றார். ஊதல் ஊதியபோது கணக்கு 2-1. உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனிக்கு.

வான் ஹானெகம் கண்ணீரோடு மைதானத்தை விட்டு வெளியேறினார். முப்பது வயது மனிதர். முரடர் என்று பெயர் வாங்கியவர். லட்சோப லட்சம் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அழுதார். தோற்றதற்காக மட்டுமா அழுதார்? அப்பா செத்த அன்று அழத் தெரியாத ஏழு மாதக் குழந்தை, முப்பது வருஷம் கழித்து அழுதது என்றுதான் எனக்குப் படுகிறது. இதைக் கொஞ்சம் அதிகப்படியான கற்பனை என்று ஆட்ட நிபுணர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

அதே வருஷம் இன்னொரு சந்தோஷமும் அவருக்கு இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. உலகக் கோப்பைக்குச் சற்று முன்பாக ஃபெயநூர்ட் தேசத்து லீக்கையும், லண்டனின் டாட்டன்ஹாம் கோஷ்டியைத் தோற்கடித்து ஐரோப்பாவின் யூ.ஈ.எஃப்.ஏ. கோப்பையையும் ஜயித்திருந்தது. லண்டனில் நடந்த முதல் ஆட்டத்தில் வான் ஹானெகமும் ஒரு கோல் போட்டார். ஆனால் ஹாலந்தில் '1974' என்று சொன்னால் யாருக்கும் டாட்டன்ஹாம் ஞாபகம் வருவதில்லை.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976-ல் ஸாக்ரெப் நகரத்தில் செக்கோஸ்லொவாக்கியாவோடு நடந்த ஐரோப்பிய அரையிறுதியில் நடுவரோடு மல்லுக்கு நின்று, வெளியே அனுப்பப்பட்டார். அந்த வருஷமே ஃபெயநூர்டை விட்டு அல்க்மாரின் ஏ.இஸட். கோஷ்டிக்குப் போனார். 1978 உலகக் கோப்பைக்கு அர்ஜென்டினா போகும் கோஷ்டியில் அவருக்கும் இடம் இருந்தது. பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை, பழைய ஹாப்பெலேதான். "நிச்சயமாக ஆடுவேனா?" என்று கேட்டார். ஹாப்பெல் உத்தரவாதம் தர மறுத்தார். "அப்படியானால் நான் வரவில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்! ஹாலந்து அந்தத் தடவையும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. வீம்பு என்பீர்களோ, சுயமரியாதை என்பீர்களோ, அது உங்கள் இஷ்டம்.

1979-ல் சிகாகோவில் கொஞ்ச காலம். பிறகு வளர்ந்த ஊரான யுட்ரெக்டில் இரண்டு வருஷம். 1981-ல் மறுபடியும் தொட்டிக்கே திரும்பினார். 1983-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். தேசத்துக்காக ஆடியது 52 ஆட்டங்கள்.

1988-ஆம் வருஷம் ஜூன் 21-ஆம் தேதி, ஐரோப்பியப் பந்தயத்தின் அரையிறுதியில், ஜெர்மானியர் மண்ணிலேயே, ஹாம்பர்க் நகரத்தில், ஹாலந்து 2-1 என்று மேற்கு ஜெர்மனியை ஜயித்தது. பயிற்சியாளர் அதே மிக்கெல்ஸ். கணக்கும் அதே கணக்கு, பக்கந்தான் மாறியிருந்தது. அன்றிரவு ஹாலந்தில் யாரும் தூங்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் வீதிகளில் ஜனங்கள் சைக்கிள்களைத் தூக்கி எறிந்து, "எங்கள் சைக்கிள் திரும்பக் கிடைத்துவிட்டது!" என்று கூச்சலிட்டார்கள். யுத்த காலத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் டச்சுக்காரர்களின் சைக்கிள்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாட்டிமார் அதைச் சொல்லிச் சொல்லியே பேரப் பிள்ளைகளை வளர்த்திருந்தார்கள். 44 வருஷம் ஆகியும் ஒரு தேசம் சைக்கிளையே மறக்கவில்லை என்றால், வான் ஹானெகம் தகப்பனை மறக்கவில்லை என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பிற்பாடு அவரும் பயிற்சியாளரானார். அவருடைய பொறுப்பில் ஃபெயநூர்ட் 1993-ல் லீக் பட்டமும், 1994-லும் 1995-லும் தேசத்துக் கோப்பையும் வாங்கியது. பத்திரிகையில் பத்தி எழுதினார். யாருக்கும் தாட்சண்யம் பார்க்காமல் எழுதினார்.

2004-ல் போர்ச்சுகலில் ஐரோப்பியப் பந்தயம் நடந்தபோது, தேசத்துக் கோஷ்டிக்கு டிக் அட்வொகாட் என்பவர் பயிற்சியாளர். வான் ஹானெகம் துணைப் பயிற்சியாளர். ஹாலந்தின் முதல் ஆட்டமே யாருடன் என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மனியுடன்! ம்யூனிக் நடந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு, வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. நான்கு நாள் கழித்து செக் தேசத்துடன் ஆட்டம். ஹாலந்து 2-1 என்று முன்னால் இருந்தது. ஜோராக ஆடிக்கொண்டிருந்த ரொபென் என்ற இளைஞரை அட்வொகாட் வெளியே கூப்பிட்டுவிட்டார்; ஹாலந்து 3-2 என்று தோற்றது. தேசமே கொதித்தது. "மறுபடியும் அவர் அப்படிச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று பத்திரிகைக்காரர்கள் துணைப் பயிற்சியாளரைக் கேட்டார்கள். தம் மேலதிகாரியைப் பற்றி அறுபது வயதுக்காரர் பதில் சொன்னார்: ஒரு குத்து விட்டுக் கீழே படுக்க வைத்துவிடுவாராம்!